வத்சலா மேடம் தந்த நற்சான்று

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரி அப்பாவின் கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஐந்து மாதம் வெள்ளையாகவே கிடந்தது. கம்பெனியை மூடிவிட்டார்கள், டைரியை நான் திறந்துவிட்டேன். அட்டையில் கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் அம்மா காலண்டர் தாளை ஒட்டியிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "கண்ண உறுத்துது" என்றாள். தங்க நிற எழுத்து, உறுத்தத்தான் செய்யும்.

பிற்கால ஆராய்ச்சியாளர்களின் வசதிக்காக: பெயர் சகாய ஷெரின். ஊர் திருச்சிக்குப் பக்கம் துவாக்குடி. அடுத்த மாதம் பதினெட்டு. அப்பா சவரிமுத்து இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர்ஸ் கீப்பர். அதாவது இரும்புத் தகடு, போல்ட், நட்டு எல்லாம் எத்தனை உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று பார்த்துக்கொள்பவர். ஏப்ரலிலிருந்து அவரே வீட்டுக்கு உள்ளேதான் இருக்கிறார். அம்மா லூர்து மேரி. அவளைப் பற்றி எழுதினால் படித்துவிடுவாள்.

எனக்கு இந்த வருஷம் காலேஜ் இல்லை என்று முடிவாகிவிட்டது. முடிவெடுத்தவர்கள் இருவர், தெரிவிக்கப்பட்டவள் ஒருத்தி. ஆக, வீட்டில் வேலை தேடுபவர்கள் இப்போது இரண்டு பேர். அப்பாவுக்கு நாற்பத்தொன்பது, வயது அதிகம் என்கிறார்கள். எனக்குப் பதினேழே முக்கால், அனுபவம் இல்லை என்கிறார்கள். இரண்டு பேரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நல்ல வேலை கிடைக்கும்.

என் நிஜ வேலை வேறு. கதைச் செயலி ஒன்றில் "வாடகைப் பேய்" என்று தொடர் எழுதுகிறேன். செத்துப்போன குமாஸ்தா கோமதிநாயகம், பிடித்துக்கொள்ள ஒரு வீடு தேடித் தெருத்தெருவாக அலைகிறார். ஒரு வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். இன்னொருவர், "நீங்க சைவமா?" என்கிறார். வாசகர்கள் நாற்பத்தொரு பேர். அதில் பத்தொன்பது பேர் என் தோழி நஸ்ரின். வெவ்வேறு மின்னஞ்சலில் வந்து தனக்குத் தானே சண்டை போட்டுக்கொள்வாள். ஆகஸ்ட் 31க்குள் நாற்பது அத்தியாயம் முடித்தால் போட்டியில் சேரலாம், ஜெயித்தால் புத்தகம். இப்போது பதினெட்டு அத்தியாயம். எனக்கும் கதைக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

ஜூன் 6, வெள்ளி

ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலைக்கு நேர்காணல். பெயர்தான் நேர்காணல், நேரே யாரும் காணவில்லை. அந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "உன்னோட பலவீனம் என்ன?" என்றார். "இன்னும் பதினெட்டு ஆகல" என்றேன். "அப்ப எதுக்கு வந்த?" என்றார். அதுதான் என் பலவீனம்.

பஸ்ஸில் வரும்போது அத்தியாயம் பத்தொன்பது யோசித்தேன். கோமதிநாயகம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அங்கே ஏற்கெனவே இடம் நிரம்பியிருக்கிறது.

ஜூன் 14, சனி

அப்பா இன்று மாத்தூரில் ஒரு கம்பெனிக்குப் போய் வந்தார். இது ஐந்தாவது. போகும்போது சட்டையில் இருந்த மடிப்பு வரும்போதும் அப்படியே இருந்தது. உட்காரவே வைக்கவில்லை போல.

"என்னப்பா சொன்னாங்க?"

"கூப்பிடறோம்னாங்க."

"எல்லாரும் கூப்பிடறோம்னு சொல்றாங்க. ஒரே நாள்ல அஞ்சு பேரும் கூப்பிட்டா எதை எடுப்பீங்க?"

அப்பா சிரித்தார். முதலில் நல்லாத்தான் பேசுகிறார்களாம். எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறோம் என்று சொன்னதும்தான் பேச்சு குறைந்துவிடுகிறதாம். மூடிப்போன கம்பெனி என்றால் ராசியில்லை என்று நினைப்பார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

அப்பாவின் பயோடேட்டாவை நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அவர் எழுதியதில் இரண்டு வரிதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு 'டாட்டா' சொல்லாமல் என்ன செய்வார்கள்.

"நீ எழுதிக்க பாப்பா, நான் கீழ கையெழுத்துப் போட்டு வச்சிடறேன்" என்றார். பூசைக்குப் போய்விட்டு வந்த அதே வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து, எட்டு வெள்ளைத்தாளின் அடியில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். சொத்து ஏதாவது இருந்திருந்தால் அப்போதே எழுதி வாங்கியிருப்பேன்.

அம்மா காபியோடு வந்தாள். தாள்களைப் பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டு எட்டையும் எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"இன்னும் புத்தி வரலயா உங்களுக்கு?"

"பாப்பாகிட்டதானே லூர்து..."

"யாருகிட்டயா இருந்தா என்ன?"

அப்பா காபியைக் குடிக்காமல் மாடிக்குப் போய்விட்டார். எட்டு வெள்ளைத்தாள் வீண். அம்மா இவ்வளவு சிக்கனம் பார்ப்பவள் என்று இதுவரை தெரியாது.

ஜூன் 23, திங்கள்

விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பத்தில் "முன்பு பணிபுரிந்த இடத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்" என்று ஒரு கட்டம். அப்பா அதை வெறுமையாக விட்டிருந்தார்.

"மூடின கம்பெனில யாரு போன் எடுப்பா? விட்டுரு பாப்பா" என்றார்.

கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் குப்பைக்குப் போகும். அவர் குளிக்கப் போனதும் நிரப்பிவிட்டேன். திருமதி வத்சலா, மனிதவளத் துறை. எண், நஸ்ரினின் இரண்டாவது சிம்.

வத்சலா மேடம் நான் பிளஸ் ஒன்னில் பெற்றெடுத்த குரல். நஸ்ரினை ஸ்பெஷல் கிளாஸிலிருந்து மீட்பதற்காக ஸ்கூலுக்குப் போன் செய்த அத்தை. மூக்கில் கொஞ்சம் ஜலதோஷம், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு "ஆக்சுவலா". அந்தக் குரலுக்கு ஹெட்மிஸ்ட்ரஸே எழுந்து நின்றிருக்கிறார் என்பது வரலாறு.

"அடியே, மாட்டுனா உங்க அப்பாதான்டி மாட்டுவாரு" என்றாள் நஸ்ரின்.

"மூடின கம்பெனி. ஆள் இல்லாத வீட்டுல பேய் பேசுனா யாரு கேக்கப் போறா?"

ஜூன் 25, புதன்

போன் வந்தது. நஸ்ரின் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். பகல் பதினொன்றரை. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். நான் மூக்கை அடைத்துக்கொண்டேன்.

"வத்சலா மேடமா? விராலிமலைலேந்து ரகோத்தமன் பேசறேன். உங்ககிட்ட சவரிமுத்துன்னு ஸ்டோர்ஸ்ல இருந்தாரா?"

"ஆக்சுவலா, இருபத்திரண்டு வருஷம் இருந்தார் சார். ஒரு நட்டுகூடக் குறைஞ்சதில்ல."

நஸ்ரின் தலையணை உறையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்புறம் ஏன் மேடம் வெளிய வந்தாரு?"

"கம்பெனி மூடினதால சார்."

"மூடினதா? நேத்துகூட உங்க வண்டி எங்க கேட்டுல நின்னுச்சே."

நஸ்ரின் சிரிப்பதை நிறுத்தினாள். "ஆக்சுவலா, ஒரு யூனிட்ட மட்டும்" என்றேன். அது நான் சொன்னதில்லை, வத்சலா சொன்னது.

"நான் கேள்விப்பட்டது வேற மேடம். வெறும் கேட் பாஸ்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு, நாலு லோடு தகடு வெளிய போயிருச்சு, அதான் அனுப்பிட்டாங்கன்னு இங்க எல்லா ஸ்டோர்ஸ்லயும் பேச்சு. உண்மையா?"

கொடியில் அவள் அண்ணனின் லுங்கி ஆடிக்கொண்டிருந்தது. நீலத்தில் வெள்ளைக் கட்டம்.

"கையெழுத்து அவரோடது சார். சரக்கு எடுத்தது அவர் இல்ல."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"அவரு யாரையும் சந்தேகப்பட மாட்டாரு. அதுதான் அவருகிட்ட உள்ள குறை."

"இத்தனை பேர விசாரிச்சேன், நீங்க ஒருத்தர்தான் மேடம் இப்படிச் சொல்றீங்க" என்றார். பிறகு, "ரிலீவிங் லெட்டர் இருக்குல்ல?"

"அனுப்பி வைக்கிறோம் சார்."

வைத்துவிட்டார். 'ஆக்சுவலா' சொல்ல மறந்துவிட்டேன் என்று நஸ்ரினிடம் சொன்னேன். மீதித் துணியை அவளே காயப்போட்டாள்.

ஜூன் 26, வியாழன்

இன்று எதுவும் எழுதவில்லை. மழைத் தூறல்.

ஜூன் 28, சனி

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட் பாஸ்னா என்னம்மா?"

கத்தி நின்றது. அப்பா கடைக்குப் போயிருந்தார். இருந்தும் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"யாரு சொன்னா?"

"ஒரு ஆக்சுவலா."

அம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையும் லோடு போகுமாம். ஸ்டோர்ஸ் கீப்பர் கையெழுத்து இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. ஞாயிறு பூசையைத் தவறவிடக் கூடாதென்று அப்பா சனிக்கிழமையே வெறும் பாஸில் கையெழுத்துப் போட்டு, சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டு வருவாராம். எத்தனையோ வருஷமாக. எல்லா ஸ்டோர்ஸிலும் அப்படித்தானாம்.

"அந்தாளு எழுதி எடுத்துட்டான். கையெழுத்து இவரோடது. போலீசுக்குப் போக மாட்டோம், நீயா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிருன்னாங்க. எழுதிக் குடுத்துட்டு வந்தாரு. வேலையிலேந்து விடுவிச்சோம்னு ஒரு ரிலீவிங் லெட்டர்கூடத் தரல."

"எங்கிட்ட மூடிட்டாங்கன்னு சொன்னீங்க."

"அவருதான் அப்படிச் சொல்லச் சொன்னாரு. உன் மூஞ்சியப் பாக்கணும்ல."

பீன்ஸ் பொரியல். அப்பா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்னைப் பார்த்து, "பேய்க்கு வீடு கிடைச்சுதா பாப்பா?" என்றார். இன்னும் இல்லை என்றேன்.

ஜூலை 2, புதன்

கிடைத்துவிட்டது. விராலிமலைக் கம்பெனியிலிருந்து அப்பாவுக்கு நேரடியாகப் போன். திங்கட்கிழமை சேர வேண்டும். அப்பா போனை வைத்துவிட்டு, "எனக்கே ஆச்சரியமா இருக்கு லூர்து, ஒண்ணுமே கேக்கல" என்றார். அம்மா மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். இந்த வெற்றியில் பங்கு கேட்டு மாதா வருவார் என்றால் பாதி தரத் தயார்.

இன்று ஒரே நாளில் இரண்டு அத்தியாயம். இருபத்தாறு. கோமதிநாயகத்துக்கு ஒரு வீடு பார்த்துவிட்டேன், மாடி போர்ஷன், தண்ணீர் வசதி உண்டு.

ரிலீவிங் லெட்டர் விஷயத்தை நஸ்ரின் ஞாபகப்படுத்தினாள். வேலையில் சேர்ந்தபின் யார் கேட்கப் போகிறார்கள் என்றேன்.

ஜூலை 7, திங்கள்

காலை ஏழு மணிக்குப் போனவர் பதினொன்றரைக்கு வந்துவிட்டார்.

சமையலறையில் அம்மாவிடம் சொன்னதை நான் நடையில் நின்று கேட்டேன். ரகோத்தமன் நாற்காலி போட்டு உட்கார வைத்தாராம். டீ சொன்னாராம். "உங்க வத்சலா மேடம் ரொம்ப நல்லா சொன்னாங்க. அவங்க பேச்சுக்காகத்தான் எடுக்கறோம். லெட்டர் அனுப்பறேன்னாங்க, இன்னும் வரல" என்றாராம்.

"அங்க மேடம்னு யாரும் இல்ல சார், ஆபீஸ்ல நாலு பேரும் ஆம்பளைங்க" என்று அப்பா சொல்லியிருக்கிறார். ரகோத்தமன் நம்பரைக் காட்டியிருக்கிறார். என் போன் ரிப்பேரான நாட்களில் அப்பா என்னைக் கூப்பிட்ட நம்பர் அது. "எம் பொண்ணு விளையாட்டா பேசிருச்சு, மன்னிச்சிருங்க" என்று எழுந்துவிட்டாராம். டீ அப்போதுதான் வந்ததாம்.

பிறகு என்னிடம் வந்தார். திட்டினால் என்ன பதில் சொல்வது என்று மூன்று பதில் தயாராக வைத்திருந்தேன்.

"வத்சலாவா?"

"ம்."

"நான் யாரையும் சந்தேகப்பட மாட்டேன்னு சொன்னியாமே."

"ம்."

கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினார். புது சாக்ஸ்.

"ஏம்ப்பா சொன்னீங்க? 'ஆமா சார்'னு மட்டும் சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும். லெட்டர் நான் அடிச்சுக் குடுத்திருப்பேன்."

"தெரியாத தாளுல இன்னொரு தடவ ஆமான்னு சொல்லச் சொல்றியா பாப்பா?"

மூன்று பதிலில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

"சாப்பிட்டியா?" என்றார். இல்லை என்றேன். மத்தியானத்துக்கென்று கட்டிக்கொண்டு போன டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜூலை 20, ஞாயிறு

வீடு மாறிவிட்டோம். பாலக்கரையில் சேவியர் மாமா வீட்டு மாடியில் ஒரே அறை. மாமா அம்மாவின் அண்ணன். "உங்களுக்கு இல்லாததா" என்று சொல்லிக்கொண்டே பிரிட்ஜை மட்டும் கீழே தன் ஹாலில் வைத்துக்கொண்டார். என் புத்தகங்கள் இரண்டு மூட்டை, நஸ்ரின் வீட்டுப் பரணில்.

எழுத இடம் இல்லை. அப்பா படுத்திருக்கும்போது நான் உட்கார முடியாது, நான் உட்கார்ந்தால் அம்மா நடக்க முடியாது. கோமதிநாயகத்துக்குப் பார்த்த மாடி போர்ஷன் இதைவிடப் பெரியது. அவர் ஒண்டிக்கட்டை வேறு.

நேற்று எனக்குப் பதினெட்டு. கேக் வேண்டாமென்று நானே சொன்னேன்.

ஜூலை 29, செவ்வாய்

வேலை கிடைத்தது. ஜவுளிக்கடையில், இரண்டாவது மாடி, சுடிதார் பிரிவு. நேர்காணலில் ஒரே கேள்வி: "நின்னுக்கிட்டே இருப்பியா?"

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை. போனைக் காலையிலேயே ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். பொம்மைகளும் நாங்களும் ஒரே மாதிரி நிற்கிறோம். பொம்மைக்கு மதியம் டிரஸ் மாற்றுகிறார்கள், எங்களுக்கு இல்லை. ஒரு பொம்மையின் கழுத்தில் "எனக்கும் கால் வலிக்கிறது" என்று அட்டை எழுதி மாட்டினேன். கஸ்டமர்கள் சிரித்தார்கள். ஃப்ளோர் மேனேஜர் கூப்பிட்டு, "எழுதற பழக்கம் இருக்கா?" என்றார். முதன்முறையாக ஒருவர் கேட்கிறாரே என்று ஆமாம் என்றேன். "இங்க வேணாம்" என்றார்.

அப்பா காந்தி மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை எண்ணும் வேலைக்கு ஒன்பது நாள் போனார். எண்ணுவதற்கு என்று கூப்பிட்டுத் தூக்கவும் சொன்னார்கள். முட்டி வீங்கிவிட்டது. இப்போது போவதில்லை. அம்மா லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றில் சமையலுக்குப் போகிறாள். போவதற்கு முன் எங்களுக்குச் சமைக்கிறாள், வந்தபின் சமையல் வாசனையே பிடிக்கவில்லை என்று சாப்பிடாமல் படுக்கிறாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஞாயிறு கடையில் கூட்டம் அள்ளும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவசரம் என்று பொய் சொல்லிப் போனை வாங்கிப் பார்த்தேன். போட்டி முடிய இன்னும் ஒன்பது மணி நேரம் என்று செயலி காட்டியது. அத்தியாயம் இருபத்தாறிலேயே நிற்கிறது. யாரோ ஒருவர், நஸ்ரின் இல்லை, விசாரித்துவிட்டேன், நிஜமான யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: "கோமதிநாயகம் அந்த வீட்டுக்குக் குடி போனாரா? ரெண்டு மாசமா ஆளைக் காணோமே."

பதில் அடிக்க ஆரம்பித்தேன். மணியடித்துவிட்டார்கள். போனைப் பெட்டியில் போட்டுவிட்டு மேலே போனேன். ஒரு அம்மா முப்பத்தெட்டு சுடிதார் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்கவில்லை. மடித்து வைத்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

லீவு. தூங்கினேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

தீபாவளி வரை இதுதான் கடைசி லீவு என்று சொல்லிவிட்டார்கள். காலையில் அம்மா ஹாஸ்டலுக்குப் போனபின் அப்பா எனக்காகக் காத்திருந்தது தெரிந்தது. ஷேவ் செய்திருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை ஒன்று.

"புதுக்கோட்டை ரோட்டுல ஒரு குடோன். வெள்ளிக்கிழம வரச் சொல்லிருக்காங்க."

"நல்லதுப்பா."

"பழைய கம்பெனி லெட்டர் இருந்தா எடுத்துக்கறோங்கறாங்க."

உறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அவருடன் வேலை பார்த்த யாரோ ஒருவருடைய ரிலீவிங் லெட்டரின் ஜெராக்ஸ். பக்கத்தில் தன் பழைய சம்பளச் சீட்டு ஒன்றையும் வைத்தார், கம்பெனிப் பெயரும் முகவரியும் எந்த எழுத்தில் இருக்கும் என்று பார்ப்பதற்கு.

"நஸ்ரின் அண்ணன் ஜெராக்ஸ் கடைல அடிச்சுத் தருவாங்கல்ல? சீல் வேணும்னாலும் அங்கயே பண்ணிரலாமாம்."

என்னைப் பார்க்கவில்லை. சம்பளச் சீட்டின் மூலை மடங்கியிருந்ததை நகத்தால் நீவிக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"வேணாம்."

ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். இரண்டு நிமிஷம் முயற்சி செய்தேன். எனக்கு ஒன்றுமே வரவில்லை. இந்த டைரியில் அப்படி எழுத நேர்வது இதுதான் முதல் தடவை.

துவாக்குடிக்குப் பஸ்ஸில் போனோம். நஸ்ரினின் அண்ணன் எதுவும் கேட்காமல் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நான் அடித்தேன். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி. விலகிய காரணம் என்ற இடத்தில் "சொந்த விருப்பம்". தவறில்லாமல், ஒரே மூச்சில், பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கிட்டத்தட்ட மூன்று மாதமாக இருபத்தேழாவது அத்தியாயத்தில் ஒரு வரி வராதவள்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்து மெதுவாக வாசித்தார். ஜெராக்ஸ் தாளையும் திரையையும் ஒரு தடவை ஒப்பிட்டார். இருபத்திரண்டு வருஷம் சரக்கையும் சீட்டையும் ஒப்பிட்ட மாதிரியே.

"நடத்தைன்னு ஒரு வரி வருமே பாப்பா."

விட்டிருந்தேன். ஜெராக்ஸில் இருந்தது. அடித்தேன்.

"'குட்'னு போடவா, 'வெரி குட்'னு போடவாப்பா?"

கொஞ்சம் யோசித்தார்.

"'குட்' போதும்" என்றார். "நம்புவாங்க."